ஈயின் உணர்கொம்பும் உழவரின் வருமானமும்

வேளாண் வளர்ச்சி பற்றிய விவாதங்களில் பாசனம், உரம், வீரிய விதை, கடன் வசதி, விற்பனை ஏற்பாடு ஆகியவை முதலிடம் பெறுகின்றன. இவற்றுக்கு ஆகும் செலவையும் இவற்றால் கிடைக்கும் பலனையும் கணக்கிட்டுக் காட்ட முடியும். ஆனால் ஓர் ஈயின் தலையில் இரண்டு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத உணர்கொம்பு எத்தகைய வடிவம் உடையது, அது எந்த மணத்தை அறிகிறது என்னும் கேள்விகளுக்கு வளர்ச்சித் திட்டங்களில் இடம் இருப்பதாகப் பலரும் எண்ணுவதில்லை. பட்டுப்புழு வளர்க்கும் சிறு விவசாயி ஒருவர், விற்பனைக்கு வைத்திருந்த கூடுகளில் துளை விழுந்திருப்பதைக் காணும் நாளில் அந்தக் கேள்விகள் பொருளாதாரக் கேள்விகளாகி விடுகின்றன.

வெப்பமண்டல நாடுகளில் வாழும் ஒட்டுண்ணி ஈக்கள் சிலவற்றுக்குக் கிளை விட்ட உணர்கொம்புகள் உள்ளன. இந்த விந்தையான அமைப்பு எதற்காக ஏற்பட்டது, மணத்தின் துணையால் ஈக்கள் எவ்வாறு வாழ்கின்றன, அந்த அறிவு இந்திய வேளாண்மைக்கு எவ்வகையில் பயன்படுகிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

புழுவை உண்டு வளரும் ஈக்கள்

ஈ என்றவுடன் குப்பையில் மொய்க்கும் வீட்டு ஈயே நினைவுக்கு வருகிறது. அதே தோற்றமும் ஏறக்குறைய அதே அளவும் கொண்டு, உடலில் விறைத்த மயிர்கள் அடர்ந்திருக்கும் மற்றொரு பெருங்குடும்பம் உண்டு. விஞ்ஞானிகள் அதனை டாக்கினிடே என்பர். உலகில் இதுவரை விவரிக்கப்பட்டுள்ள டாக்கினிட் ஈ இனங்களின் எண்ணிக்கை 8,500-க்கும் மேல். வெப்பமண்டலக் காடுகளில் பெயரிடப்படாத இனங்கள் இன்னும் ஏராளமாக உள்ளன.

இக்குடும்பத்தின் ஈக்கள் அனைத்தும் தம் இளமைப் பருவத்தை வேறொரு பூச்சியின் உடலுக்குள், அல்லது அரிதாக வேறொரு கணுக்காலியின் உடலுக்குள், கழிக்கின்றன. அந்துப்பூச்சிகளின் புழுக்கள், வண்டுகள், நாற்றமுள்ள சாறுண்ணிகள், வெட்டுக்கிளிகள் எனப் பலவும் இவற்றுக்கு இரையாகின்றன. பேனும் உண்ணியும் தாம் வாழும் உயிரைப் பெரும்பாலும் கொல்வதில்லை. இந்த ஈயின் புழுவோ, தனக்கு இடமளித்த பூச்சியை உள்ளிருந்தே தின்று இறுதியில் கொன்று விடுகிறது. பயிர்ப் பாதுகாப்பில் இவற்றுக்கு மதிப்பு ஏற்பட்டதற்கு இதுவே காரணம்.

இரையின் உடலுக்குள் நுழைய இவை கையாளும் முக்கிய வழிகள் மூன்று:

1. தாய் ஈ இரையின் தோல் மீதே முட்டையை ஒட்டி விடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் புழு தோலைத் துளைத்து உள்ளே செல்கிறது.

2. இரை தின்னும் இலையின் மீது மிக நுண்ணிய முட்டைகளை இடுகிறது. இலையோடு சேர்த்து விழுங்கப்படும் முட்டை இரையின் குடலுக்குள் பொரிகிறது.

3. முட்டையைத் தன் வயிற்றிலேயே பொரிக்க வைத்து, உயிருள்ள புழுக்களை இரை இருக்கும் இடத்திற்கு அருகே விடுகிறது. மீதித் தூரத்தை அப்புழுவே கடந்து இரையை அடைகிறது.

வழி எதுவாயினும் தாய் ஈ சரியான இடத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். கரும்பின் தண்டுக்குள் மறைந்திருக்கும் புழுவைக் கண்ணால் காண இயலாது. இத்தேடலில் பார்வையும் தொடுஉணர்வும் பங்கு கொள்கின்றன எனினும், தொலைவிலிருந்து வழிகாட்டுவது பெரும்பாலும் மணமே. அம்மணத்தை அறியும் முதன்மையான உறுப்பு உணர்கொம்பு.

உணர்கொம்பின் அமைப்பு

ஈயின் முகத்தில் இரு கண்களுக்கும் இடையே ஓர் இணை உணர்கொம்புகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் வெளிப்படையாகத் தெரியும் கணுக்கள் மூன்று. முதற்கணு சிறியது, உணர்கொம்பை அசைக்க உதவுகிறது. இரண்டாம் கணுவுக்குள் அசைவை அறியும் ஓர் உறுப்பு இருக்கிறது. மூன்றாம் கணுவே மிகப் பெரியது. அதன் முதுகுப் புறத்திலிருந்து நீண்ட மயிர் போன்ற ஒரு தண்டு கிளம்புகிறது. காற்று அசையும்போது அத்தண்டு அசைய, மூன்றாம் கணு சற்றே சுழல, இரண்டாம் கணுவின் உறுப்பு அவ்வசைவை உணர்கிறது.

மணத்தை அறியும் பணி மூன்றாம் கணுவினுடையது. அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஏராளமாக நிறைந்துள்ளன. அவற்றின் சுவர்களில் நுண்துளைகள் உண்டு. காற்றில் மிதந்து வரும் மணப்பொருளின் மூலக்கூறு துளை வழியே உள்ளே சென்று நரம்பின் நுனியை அடைகிறது. சில நுண்மயிர்கள் கணுவின் பரப்பிலேயே அமைந்த சிறு குழிகளுக்குள்ளும் இருக்கின்றன. மின்னணு நுண்ணோக்கி வந்த பிறகே இவ்விவரங்கள் தெளிவாகத் தெரிந்தன.

பெரும்பாலான டாக்கினிட் ஈக்களில் இந்த மூன்றாம் கணு தட்டையான ஒரு சிறு அவரைக்காய் போன்று, பிளவு ஏதுமின்றி இருக்கும். இதுவே பொது விதி. இவ்விதிக்கு விலக்காக அமைந்த ஈக்களே இங்குக் கவனத்திற்கு உரியவை.

கிளை விட்ட கொம்புகள்

அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலப் பகுதியில், குறிப்பாகப் பிரேசில் நாட்டில், மூன்றாம் கணு பிளவுபட்ட டாக்கினிட் ஈக்கள் காணப்படுகின்றன. டாலரோசெரா என்னும் பேரினத்தில் ஆண் ஈயின் கணு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. போர்க்மெயர்மியா என்னும் பேரினத்தின் ஆண் ஈயில் அது பல கிளைகளாகப் பிரிந்து, சீப்பின் பற்கள் போலவும் சிறு மானின் கொம்பு போலவும் தோன்றுகிறது. பெண் ஈக்களின் கணுவோ பெரும்பாலும் வழக்கமான வடிவிலேயே உள்ளது.

போர்க்மெயர்மியா என்னும் பெயரை வைத்தவர் சார்லஸ் டவுன்செண்ட். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பிறந்து, பெரு நாட்டிலும் பின்னர் பிரேசிலிலும் பணியாற்றிய இவர், பயிர்ப் பூச்சிகளைப் பற்றிய அரசுப் பணியையும் ஈக்களின் வகைப்பாட்டையும் ஒருங்கே செய்தவர். இவருடைய ஈயியல் கையேடு 1934-ம் ஆண்டு முதல் 1942-ம் ஆண்டு வரை 12 பகுதிகளாக வெளிவந்தது. பேரினத்தின் பெயர், பிரேசிலில் எறும்புகளையும் ஈக்களையும் ஆராய்ந்த பாதிரியார் தாமஸ் போர்க்மெயரை நினைவுகூர்கிறது.

கிளைக்கொம்பு ஈக்கள் அனைத்தும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை அல்ல. டாக்கினிட் குடும்பத்தின் வெவ்வேறு பிரிவுகளில் இந்த அமைப்பு தனித்தனியே தோன்றியிருக்கிறது. ஓர் அமைப்பு பல முறை தனித்தனியே தோன்றுமாயின், அதனால் ஏதோ ஒரு பயன் இருந்தாக வேண்டும் என்று உயிரியலார் கருதுவது வழக்கம்.

கிளைகளின் கணக்கு

அப்பயன் எதுவாக இருக்கலாம் என்பதை ஓர் எளிய கணக்கு விளக்கும். ஒரு குறிப்பிட்ட நீளமும் விட்டமும் உடைய உருளை ஒன்றை எடுத்துக் கொள்வோம். அதே நீளமும் பாதி விட்டமும் கொண்ட 4 உருளைகளைச் செய்ய, முதல் உருளைக்கு ஆன அதே அளவு பொருளே போதும். ஆனால் அந்த 4 உருளைகளின் மொத்தப் பக்கப் பரப்பு முன்னதைப் போல் இருமடங்கு. கால் பங்கு விட்டமுள்ள 16 உருளைகளாகப் பிரித்தால் பரப்பு நான்கு மடங்காகிறது. அதாவது, கூடுதல் பொருள் இன்றியே கூடுதல் பரப்பு கிடைக்கிறது.

பரப்பு கூடினால் நுண்மயிர்கள் அமைவதற்கு இடம் கூடும். நுண்மயிர்கள் கூடினால் மிகக் குறைந்த அளவு மணத்தையும் அறியலாம். கிளைகளின் இடையே காற்று ஊடுருவிச் செல்வதால், மணமுள்ள காற்றில் பெரும் பங்கு உணர்கொம்போடு தொடர்பு கொள்ளவும் வாய்ப்பு ஏற்படுகிறது.

எனினும் இதற்கும் ஒரு விலை உண்டு. மெல்லிய கிளைகள் ஒடிந்து விடலாம். அவற்றைத் தூய்மையாக வைத்துக் கொள்வதும் கடினம். பலன் செலவை மிஞ்சும் சூழ்நிலையில் மட்டுமே இத்தகைய அமைப்பு நிலைபெறும். அச்சூழ்நிலை ஆண் ஈக்கு ஏற்பட்டது ஏன் என்பது அடுத்த கேள்வி.

வெப்பமண்டலக் காட்டில் இனங்கள் மிகுதி. ஆனால் ஒவ்வோர் இனத்திலும் தனி உயிர்களின் எண்ணிக்கை குறைவு. பெரும் பரப்பில் ஆங்காங்கே சிதறி வாழும் ஈக்களில் ஆண், பெண்ணைக் கண்டடைவது எளிதன்று. டாக்கினிட் ஈக்களில் சில இனங்கள் இச்சிக்கலை மலையுச்சிகளில் கூடுவதன் மூலம் தீர்த்துக் கொள்கின்றன. ஆண் ஈக்கள் உச்சியில் காத்திருக்க, பெண் ஈக்கள் அங்கே வந்து சேர்கின்றன. கிளைக்கொம்பு ஈக்களோ பெண் விடும் மணத்தைத் தொலைவிலிருந்தே அறிந்து செல்கின்றன என்பதே இன்று பரவலாகக் கூறப்படும் விளக்கம். கிளைகள் ஆணில் மட்டும் இருப்பது இவ்விளக்கத்திற்கு வலுவூட்டுகிறது. இரையைத் தேடும் பணி பெண்ணுடையது. அதற்குத்தான் கிளைகள் வேண்டும் என்றால் அவை பெண்ணில் அல்லவா இருக்க வேண்டும்?

பட்டுப்பூச்சி கற்பித்த பாடம்

இந்த விளக்கத்தின் பின்னணியில் நிற்பது பட்டுப்பூச்சி பற்றிய ஆராய்ச்சி ஆகும். பட்டுக்கூட்டை விட்டு வெளிவரும் ஆண் அந்துப்பூச்சியின் உணர்கொம்பு இருபுறமும் பற்கள் கொண்ட சீப்பு போன்றது. பெண் அந்துப்பூச்சி விடும் மணத்தை அது அறிந்து, சிறகடித்துக் கொண்டே பெண்ணை நோக்கி நடந்து செல்கிறது.

ஜெர்மன் வேதியியல் அறிஞர் அடோல்ஃப் புட்டனாண்ட் தம் குழுவினருடன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்து, சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து சில மில்லிகிராம் அளவே இம்மணப்பொருளைப் பிரித்தெடுத்தார். 1959-ம் ஆண்டில் அதன் வேதியியல் அமைப்பு வெளியிடப்பட்டது. பாம்பிகால் என்று பெயரிடப்பட்ட அதுவே, ஓர் உயிரினத்தின் ஆண்–பெண் ஈர்ப்புக்கான மணப்பொருள்களில் முதன்முதலாக அமைப்பு கண்டறியப்பட்டது.

அன்று அந்த ஆராய்ச்சியால் எந்த உழவருக்கும் உடனடிப் பயன் ஏற்படவில்லை. ஆனால் அதைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான பயிர்ப் பூச்சிகளின் ஈர்ப்பு மணங்கள் கண்டறியப்பட்டன. இன்று பருத்தியிலும் கத்தரியிலும் தென்னையிலும் வைக்கப்படும் இனக்கவர்ச்சிப் பொறிகள் அந்த வழியில் வந்தவையே.

பெண் ஈயின் தேடல்

ஆண் ஈ துணையைத் தேடுகிறது. பெண் ஈ இரையைத் தேடுகிறது. உழவரின் நலனை நேரடியாகத் தொடுவது பெண் ஈயின் தேடலே. அத்தேடலில் பயன்படும் மணங்கள் மூவகைப்படும்.

முதலாவது, தாக்கப்பட்ட செடியின் மணம். புழு இலையைக் கடிக்கும்போது செடி சில மணப்பொருள்களைக் காற்றில் வெளியிடுகிறது. ஜப்பானில் எக்சோரிஸ்டா ஜப்பானிகா என்னும் ஈயைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வில், படைப்புழு தின்ற மக்காச்சோளச் செடியின் மணம் பெண் ஈக்களை ஈர்ப்பது உறுதியாயிற்று.

இரண்டாவது, இரையின் எச்சத்தின் மணம். கரும்புத் துளைப்பானைத் தாக்கும் லிக்சோபாகா என்னும் கியூபா ஈ, துளையின் வாயில் கிடக்கும் எச்சத்தின் துணையால் இரையின் இருப்பிடத்தை அறிந்து, அங்கே தன் புழுக்களை விடுகிறது.

மூன்றாவது, இரையே தன் இனத்துக்காக விடும் மணம். பச்சை நாற்றப்பூச்சியின் ஆண், தன் இனத்தை அழைக்க ஒரு மணத்தை விடுகிறது. டிரைக்கோபோடா என்னும் ஈ அந்த அழைப்பை ஒட்டுக் கேட்பது போல முகர்ந்தறிந்து வந்து, அப்பூச்சியின் மீது முட்டையிடுகிறது.

டாக்கினிட் குடும்பத்தில் மணத்தைச் சாராத ஒரு பிரிவும் இருப்பது குறிப்பிடத்தக்கது. ஓர்மியா என்னும் ஈயின் மார்பின் முன்புறத்தில் செவிப்பறைகள் உள்ளன. ஆண் சில்வண்டு எழுப்பும் ஒலியைக் கேட்டே இந்த ஈ இரவில் அதனைத் தேடிச் செல்கிறது. இச்செவியின் அமைப்பு 1992-ம் ஆண்டில் விளக்கப்பட்டது. ஒவ்வோர் ஈயும் தன் இரையை எந்தப் புலனால் தேடுகிறது என்பதைத் தனித்தனியே அறிந்தாலன்றி, பொதுவான முடிவு எதற்கும் வர இயலாது என்பதற்கு இது சான்று.

கர்நாடகத்திற்கு வந்த ஊசி ஈ

இந்தியாவில் டாக்கினிட் ஈயின் பொருளாதார விளைவை மிகத் தெளிவாகக் காட்டியது பட்டுத்தொழில் ஆகும். பட்டுப்புழுவைத் தாக்கும் எக்சோரிஸ்டா பாம்பிசிஸ் என்னும் ஈயைப் பட்டு விவசாயிகள் ஊசி ஈ என்று அழைக்கின்றனர். இப்பெயர் தையல் ஊசியைக் குறிப்பது அன்று; புழு என்னும் பொருள்படும் ‘உஜி’ என்ற ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்ததாகும்.

வங்காளத்தில் இந்த ஈயின் தொல்லை 19-ம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. நாட்டின் மிகப் பெரிய பட்டு உற்பத்தி மாநிலமான கர்நாடகம் நீண்ட காலம் இதிலிருந்து விடுபட்டிருந்தது. 1980-ம் ஆண்டில் மேற்கு வங்காளத்திலிருந்து கொண்டுவரப்பட்ட பட்டுக்கூடுகளோடு இது கர்நாடகத்தினுள் நுழைந்தது. பின்னர் அண்டை மாநிலங்களான ஆந்திரப் பிரதேசத்திற்கும் தமிழ்நாட்டிற்கும் பரவியது.

ஊசி ஈ வளர்ந்த பட்டுப்புழுவின் உடல் மீது ஒன்றிரண்டு முட்டைகளை இடுகிறது. ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் சில நூறு முட்டைகளை இட வல்லது. இரண்டு மூன்று நாட்களில் முட்டை பொரிந்து ஈப்புழு உள்ளே நுழைகிறது. நுழைந்த இடத்தில் கருமையான ஒரு வடு தோன்றுகிறது. நான்காம் பருவத்தில் தாக்கப்பட்ட பட்டுப்புழு கூடு கட்டும் முன்பே இறந்து விடுகிறது. ஐந்தாம் பருவத்தின் இறுதியில் தாக்கப்பட்டதோ கூடு கட்டுகிறது. ஆனால் ஈப்புழு அக்கூட்டைத் துளைத்துக் கொண்டு வெளியேறுகிறது. துளை விழுந்த கூட்டிலிருந்து தொடர்ச்சியான இழையை நூற்க முடியாது. முசுக்கொட்டைச் சாகுபடி, கூலி, தழை ஆகிய எல்லாச் செலவும் முடிந்த பிறகு, விற்பனைக்கு முந்தைய நாட்களில் இந்த இழப்பு நேர்கிறது. சிறு விவசாயிக்கு இதன் சுமை மிகுதியாக இருப்பதன் காரணம் இதுவே.

பட்டுப்புழு மனையில் வழக்கமான பூச்சிக்கொல்லியைத் தெளிக்க இயலாது; ஈயைக் கொல்லும் மருந்து பட்டுப்புழுவையும் கொன்று விடும். ஆகவே பிற வழிகள் தேவைப்பட்டன. மைசூரில் உள்ள மத்தியப் பட்டு ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் உருவாக்கிப் பரிந்துரைத்த ஒருங்கிணைந்த முறையில் நான்கு கூறுகள் உள்ளன. சன்னல்களுக்கும் கதவுகளுக்கும் நைலான் வலை அடித்து ஈ நுழையாமல் தடுப்பது முதலாவது. புழுவின் மீதுள்ள முட்டைகளை அழிக்கும் மருந்தைப் பயன்படுத்துவது இரண்டாவது. ஈக்களை ஈர்க்கும் வில்லையை நீரில் கரைத்துத் தட்டுகளில் வைத்து, வந்து விழும் ஈக்களை மூழ்கடிப்பது மூன்றாவது. நெசோலின்க்ஸ் தைமஸ் என்னும் சிறு குளவியை விட்டு ஈயின் கூட்டுப்புழுக்களை அழிப்பது நான்காவது.

இவற்றுள் மூன்றாம் முறை ஈயின் உணர்கொம்பையே அதற்கு எதிராகத் திருப்பும் முறை எனலாம். ஈ எதை நாடி வருகிறது என்னும் அறிவே இங்கு ஆயுதமாகிறது. நான்காம் முறையில், ஒட்டுண்ணியை அழிக்க மற்றோர் ஒட்டுண்ணியே துணை நிற்கிறது.

நண்பனும் பகைவனும் ஒரே குடும்பத்தில்

பட்டு விவசாயிக்குப் பகையான இக்குடும்பம் கரும்பு விவசாயிக்கு நட்பாகிறது. கரும்பின் இளங்குருத்துத் துளைப்பான் நட்ட சில வாரங்களிலேயே தாக்கி, நடுக்குருத்தைக் காய வைக்கிறது. ஸ்டர்மியோப்சிஸ் இன்ஃபெரன்ஸ் என்னும் டாக்கினிட் ஈ இதற்கு இயற்கை எதிரி. பெண் ஈ துளையின் அருகே உயிருள்ள புழுக்களை விட, அவை துளைக்குள் ஊர்ந்து சென்று துளைப்பானை அடைகின்றன. கோயம்புத்தூரில் 1912-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிறுவனம் இந்த ஈயை ஆய்வுக்கூடத்தில் பெருக்கும் முறையில் முன்னோடிப் பணி ஆற்றியது. ஏக்கருக்கு 125 கருவுற்ற பெண் ஈக்களை விடுவது பரிந்துரைகளில் ஒன்றாகும். தென்னையின் கருந்தலைப் புழுவைத் தாக்கும் டாக்கினிட் ஈயும் தென்னிந்தியாவில் உண்டு.

துளைப்பான் தண்டுக்குள் இருப்பதால் பூச்சிக்கொல்லி அதனை எளிதில் எட்டுவதில்லை. மருந்து எட்டாத இடத்தை ஈயின் புழு எட்டுகிறது. ஒரு முறை நிலைபெற்று விட்டால் அந்த ஈ ஆண்டுதோறும் கூலி கேட்பதும் இல்லை.

இரு ஈக்களும் தோற்றத்தில் நெருங்கியவை. சாம்பல் நிறம், கரிய கோடுகள், விறைத்த மயிர் ஆகிய அனைத்தும் சாதாரணக் கண்ணுக்கு ஒன்றே. உணர்கொம்புக் கணுக்களின் நீளம், அவற்றின் விகிதம், மயிர்களின் அடுக்கு, சிறகின் நரம்பமைப்பு போன்ற நுண்ணிய அடையாளங்களைக் கொண்டே இனத்தைப் பிரித்தறிய வேண்டும். கிளைக்கொம்பு ஈக்களைப் போல ஆணும் பெண்ணும் வேறுபட்ட தோற்றம் கொண்டிருக்கும் இடங்களில் ஓர் இனமே இரண்டாகக் கருதப்படும் இடர்ப்பாடும் உண்டு. எந்த ஈயைக் காப்பது, எந்த ஈயைத் தடுப்பது என்னும் நிர்வாக முடிவு இறுதியில் நுண்ணோக்கியின் கீழ்தான் தீர்மானிக்கப்படுகிறது.

அளவறியாது விட்டதன் விளைவு

ஒட்டுண்ணி ஈக்களை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குக் கொண்டு சென்ற வரலாறு நம்பிக்கையும் எச்சரிக்கையும் கலந்தது.

பிஜித் தீவில் லெவுவானா என்னும் அந்துப்பூச்சியின் புழுக்கள் தென்னை ஓலைகளை அரித்துக் கொப்பரைத் தொழிலை நலிவித்தன. 1925-ம் ஆண்டில் மலேயாவிலிருந்து பெஸ்ஸா ரெமோட்டா என்னும் டாக்கினிட் ஈ கொண்டுவரப்பட்டது. மலேயாவில் அந்த ஈ தாக்கி வந்தது அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறோர் அந்துப்பூச்சியை ஆகும். பிஜியில் அது லெவுவானாவை ஏற்றுக் கொண்டு, சில ஆண்டுகளிலேயே தொல்லையை அடக்கியது. பின்னர் லெவுவானா பூச்சியே பல பத்தாண்டுகளாகக் காணப்படவில்லை. தென்னை பிழைத்தது, ஆனால் ஓர் உயிரினம் முற்றாக அழிந்ததோ என்னும் விவாதமும் எழுந்தது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் காட்டு மரங்களின் இலைகளை அழித்த ஜிப்சி அந்துப்பூச்சிக்கு எதிராக, காம்ப்சிலுரா என்னும் ஐரோப்பிய டாக்கினிட் ஈ 1906-ம் ஆண்டு முதல் விடப்பட்டது. இந்த ஈ ஒரே இரையோடு நிற்பதில்லை. 180-க்கும் மேற்பட்ட இனங்களைத் தாக்க வல்லது. அந்நாட்டின் அழகிய காட்டுப் பட்டுப்பூச்சிகள் அருகியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு என்று 2000-ம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது.

இரு நிகழ்ச்சிகளும் உணர்த்துவது ஒன்றே. ஓர் ஈ எத்தனை மணங்களுக்குச் செவி சாய்க்கும் என்பதை முன்கூட்டியே அறியாமல் அதனை விடுவது பெரும் இடர்ப்பாடு. இரை வரம்பைக் கண்டறியும் சோதனைக்கு ஆகும் செலவு, பிற்பாடு ஏற்படும் இழப்போடு ஒப்பிடும்போது மிகச் சிறியது. ஒரு முறை காட்டில் விடப்பட்ட ஈயைத் திரும்பப் பெற எந்தச் சட்டத்தாலும் இயலாது.

அறிவு என்னும் பொதுப் பண்டம்

இங்குப் பொருளாதாரத்தின் அடிப்படைக் கருத்து ஒன்று பொருந்துகிறது. பூச்சிக்கொல்லி ஒரு விற்பனைப் பொருள். அதனை வாங்கியவரே பயன் பெறுகிறார். எனவே தனியார் அதில் முதலீடு செய்கின்றனர். ஓர் ஈயின் இனத்தைச் சரியாக அடையாளம் காணும் அறிவோ பொதுப் பண்டம். ஒருவர் அதனைப் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறைவதில்லை. விலை கொடுக்காதவரை விலக்கி வைக்கவும் முடிவதில்லை. ஆகையால் சந்தை அதனைப் போதிய அளவில் வழங்காது. அரசே வழங்க வேண்டும்.

பூச்சித் தொல்லைக்கும் இத்தகைய பொதுத் தன்மை உண்டு. ஒரு மனையின் தரையிடுக்கில் கவனிக்காமல் விடப்பட்ட ஈப்புழுக்கள் ஈயாகி அடுத்த மனைக்குப் பறக்கின்றன. ஒருவரது அக்கறையின்மையின் விலையை அண்டை வீட்டார் கொடுக்கின்றனர். ஊர் முழுவதும் ஒரே காலத்தில் வலை அடித்து, தரையைத் தூய்மை செய்தால் மட்டுமே எல்லோருக்கும் பயன் கிட்டும். கூட்டுறவுச் சங்கங்களும் ஊராட்சிகளும் பங்காற்றக்கூடிய இடம் இது.

இத்துறைக்கான அமைப்புகள் நாட்டில் உள்ளன. இந்திய விலங்கியல் ஆய்வகம் 1916-ம் ஆண்டில் நிறுவப்பட்டது. புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பெரும் பூச்சித் தொகுப்பு ஒன்று பேணப்படுகிறது. உயிரியல் கட்டுப்பாட்டுக்கான அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் 1977-ம் ஆண்டில் தொடங்கியது. பெங்களூரில் 1993-ம் ஆண்டில் தனி இயக்ககமாக உருப்பெற்ற உயிரியல் கட்டுப்பாட்டு அமைப்பு, 2009-ம் ஆண்டில் வேளாண் முக்கியத்துவம் வாய்ந்த பூச்சிகளுக்கான தேசியப் பணியகமாக விரிவடைந்து, 2014-ம் ஆண்டு முதல் வேளாண் பூச்சி வளங்களின் தேசியப் பணியகம் என்னும் பெயரில் இயங்குகிறது. கீழ்த்திசை நாடுகளின் டாக்கினிட் ஈக்களைப் பற்றி 1976-ம் ஆண்டில் கிராஸ்கி வெளியிட்ட தொகுப்பு, இந்திய ஆய்வாளர்களுக்கும் அடிப்படை நூலாக விளங்கி வருகிறது.

அமைப்புகள் இருந்தும், ஈக்களின் வகைப்பாட்டில் பயிற்சி பெற்றவர்கள் மிகச் சிலரே. ஒரு வல்லுநர் உருவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். அவர் ஓய்வு பெறும் நாளில் அந்த அறிவும் அலுவலகத்தை விட்டு வெளியேறி விடுகிறது. அணையின் கதவு பழுதடைந்தால் உடனே தெரியும். பூச்சித் தொகுப்பின் பேழையில் அரிப்பு ஏற்பட்டால் யாருக்கும் தெரிவதில்லை. புதிய ஈ ஒன்று மாநில எல்லையைக் கடந்து பரவிய பிறகே அதன் இழப்பு உணரப்படுகிறது.

செய்ய வேண்டுவன

மேற்கூறியவற்றிலிருந்து நான்கு பணிகள் தெளிவாகின்றன. முதலாவதாக, மாநிலங்களுக்கிடையே செல்லும் பட்டுக்கூடு, விதைக்கரணை, நாற்று போன்ற உயிருள்ள பொருள்களைப் பரிசோதிக்கும் ஏற்பாடு வலுப்பெற வேண்டும். 1980-ம் ஆண்டின் நிகழ்ச்சி வெளிநாட்டிலிருந்து வந்த தொல்லை அன்று. உள்நாட்டிலேயே ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்குச் சென்றது. இரண்டாவதாக, வேளாண் பல்கலைக் கழகங்களில் பூச்சி வகைப்பாட்டைக் கற்கும் மாணவர்களுக்கு உதவித்தொகையும் பின்னர்ப் பணியிடமும் உறுதி செய்யப்பட வேண்டும். மூன்றாவதாக, பயன் தரும் ஈக்களும் தீமை செய்யும் ஈக்களும் எந்த மணத்தை நாடுகின்றன என்னும் ஆய்வு பொறி, வில்லை, விடுவிப்பு முறை ஆகியவற்றோடு இணைய வேண்டும். நான்காவதாக, வட்டார விரிவாக்க அலுவலர்களுக்கு இரு வகை ஈக்களையும் பிரித்தறியும் பயிற்சி அளிக்கப்பட வேண்டும். எல்லா ஈயையும் ஒழிக்கச் சொல்லும் அறிவுரை கரும்பு வயலில் நட்பைக் கொன்று விடும்.

பிரேசில் காட்டின் கிளைக்கொம்பு ஈயை ஆராய்ந்தவர் எவரும் பட்டு விலையையோ கரும்பு மகசூலையோ மனத்தில் கொண்டு ஆராயவில்லை. ஆயினும் ஈயின் மூன்றாம் கணு என்ன செய்கிறது என்று கேட்டவர்களின் உழைப்பும், ஈயை ஈர்க்கும் வில்லையைத் தட்டில் கரைக்கும் விவசாயியின் நம்பிக்கையும் ஒரே சங்கிலியின் இரு முனைகள். அச்சங்கிலியின் கண்ணிகள் அறுபடாமல் காப்பது, அணைகளையும் சாலைகளையும் காப்பது போன்றே திட்டமிடுவோரின் கடமையாகும்.